டாக்டர் முன்னால் "நல்லா இருக்கேன்" என்கிறான். வீட்டில் பார்ப்பதை யாரிடம் சொல்வது?

உறையூர்க்காரி

என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்), மனநிலை சில காலம் மிக ஏறியும் சில காலம் மிக இறங்கியும் போகும் நோய். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து மாத்திரை. கடைசியாக அட்மிட் ஆகி வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

ரிவ்யூவுக்கு அம்மாதான் கூடப் போவார். டாக்டர் "தூக்கம் எப்படி?" என்று கேட்பார். இவன் "நல்லா தூங்குறேன் சார்" என்பான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் திரும்பி வரும் பஸ் முழுக்க சண்டை. வீட்டில் நடப்பது வேறு. ராத்திரி மாடியில் நடந்துகொண்டே இருக்கிறான். ஆசையாக வாங்கிய கேமராவை நண்பனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். போனில் இருந்த நம்பர்களை எல்லாம் அழித்திருக்கிறான். "எனக்கு அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கோ" என்று என்னிடம் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான்.

பயந்துபோய் நானே ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். "பேஷன்ட் விவரங்களை வீட்டுக்காரர்களிடம் பேசக்கூடாது, சட்டம் அப்படி" என்று வைத்துவிட்டார்கள். நான் எந்த விவரமும் கேட்கவில்லையே, சொல்லத்தானே போன் செய்தேன்! அவனுடைய ஃபைலில் ஆபத்து "குறைவு" என்று எழுதியிருக்கிறது. அதை எழுதுமுன் எங்கள் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சட்டம் உண்மையிலேயே அப்படித்தானா? அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னதாக ஆகாமல் இதை எப்படிச் சொல்வது?

நைட் டியூட்டி

அக்கா, நான் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல வார்டு நர்ஸ். முதலில் ஒன்று: நீங்கள் எழுதியிருப்பதில் கேமரா, நம்பர் அழித்தது, "எனக்கு அப்புறம்" என்ற பேச்சு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்கக் கூடாது. நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வரமாட்டேன் என்றால் நீங்களாவது போங்கள். ராத்திரியே நிலைமை மோசமானால் கேஷுவால்டி. அதுவரை தனியாக விடாதீர்கள்.

போனில் பேசமாட்டார்கள், அது எங்கள் இடத்திலும் அப்படித்தான். யார் பேசுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நேரில் போனால் கதை வேறு. ஓபி சீட்டு போடும் இடத்திலோ, வெயிட் பார்க்கும் இடத்திலோ நிற்கும் நர்ஸிடம் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள். "டாக்டர் கூப்பிடுமுன் இதைப் படிக்கணும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கேஸ் ஷீட்டில் பின் அடித்து வைத்துவிடுவோம்.

என்ன எழுதுவது என்பது முக்கியம். "ஒரு மாதிரி இருக்கான்", "பழையபடி ஆரம்பிச்சிட்டான்" என்று எழுதினால் அந்த அவசரத்தில் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, எப்போதிலிருந்து. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார். சாப்பாடு, குடி. எதைக் கொடுத்துவிட்டார், யாரிடம் என்ன சொன்னார், அவர் சொன்ன வார்த்தையிலேயே. போன தடவை மோசமாகும்முன் இதே மாதிரி எது நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதையும். பாதிப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பழைய மருத்துவர்

சட்டம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற மனநல மருத்துவன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவல்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அது மருத்துவர் *வெளியே சொல்வதை*க் கட்டுப்படுத்தும் பிரிவு. குடும்பம் சொல்வதைக் *கேட்டுக்கொள்வதை* எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. நோயாளி "என் வீட்டாரிடம் எதுவும் சொல்லாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், நீங்கள் வந்து உட்கார்ந்து பேசினால் மருத்துவர் காதை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. "நான் பதில் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியாமல், ரகசியம் என்ற பெயரில் கதவைச் சாத்துகிறோம். சட்டத்துக்குப் பயந்து என்பதைவிட, நேரம் மிச்சம் என்பதால் என்றுதான் நான் சொல்வேன். என் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ரகசியத்துக்கும் அதே பிரிவில் விலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். வேறொருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டியிருந்தாலும் சொல்லலாம், அதுவும் அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை விஷயங்களில் தனக்குத் துணை நிற்க நோயாளி எழுதிக் கொடுத்து நியமிக்கும் நபருக்கு, அவர் கடமையைச் செய்யத் தேவையானதைத் தெரிவிக்கலாம். தம்பிக்கு நியமனப் பிரதிநிதி யார் என்று ஃபைலில் பாருங்கள். அட்மிஷன் அன்று யார் கூட வந்தார்களோ அவர்கள் பெயரையே பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள், நோயாளியைக் கேட்காமலே.

அப்புறம் "ஆபத்து: குறைவு" என்ற அந்தக் கட்டம். பத்து நிமிடம் பார்த்து, நோயாளி சொன்னதை மட்டும் வைத்துப் போடும் டிக் அது. நாள் முழுக்கக் கூட இருப்பவர் பார்த்தது அதில் இல்லையென்றால், அதற்கு ஒரு காகிதத்தின் மதிப்புதான்.

ரெண்டு துருவம்

எனக்கும் உங்கள் தம்பிக்கு இருக்கும் அதே நோய்தான். அதனால் எதிர்க்கட்சி வரிசையில் உட்காருகிறேன்.

நர்ஸ் அக்கா சொன்ன சீட்டு வேலையை என் அப்பா எனக்குச் செய்திருக்கிறார். டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே "வீட்டில் சத்தம் போடுறீங்களாமே?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கும் அப்பாவுக்கும் நிலத்தை விற்பது பற்றிச் சண்டை. நோயே இல்லாத என் அண்ணனும்தான் சத்தம் போட்டான், அவனைப் பற்றி யாரும் சீட்டு எழுதவில்லை. அந்த ரிவ்யூவில் டோஸ் ஏறியது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் டாக்டரிடம் உண்மை பேசவில்லை. என்ன சொன்னாலும் எங்கேயோ போய்ச் சேரும் என்று ஆகிவிட்டது.

கொஞ்சம் குரல் உயர்ந்தால் "மாத்திரை போட்டியா?" கொஞ்சம் சிரித்தால் "ஏறுதோ?" இப்படி ஒரு வீட்டில் இருந்து பாருங்கள். குடும்பம் பார்ப்பதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டால் எங்களுக்குக் கோபப்படும் உரிமைகூட இருக்காது.

குடும்பத்தைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியாக நான் மோசமாக இருந்தபோது எனக்கே தெரியாததை என் மனைவிதான் கவனித்தாள். ஆனால் அது ஏன் வேலை செய்தது என்றால், நான் நன்றாக இருந்த சமயத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி வைத்திருந்தோம். இன்ன இன்ன நடந்தால் நீ டாக்டரிடம் சொல்லலாம், என்னைக் கேட்க வேண்டாம். தொடர்ந்து தூக்கம் கெட்டால், பெரிய பணம் எடுத்தால், சாவைப் பற்றிப் பேசினால். மற்றபடி என் அம்மாவோடு நான் போடும் சண்டை என் சொந்த விஷயம். அது ரிப்போர்ட்டில் வரக்கூடாது.

உங்கள் தம்பி விஷயத்தில் இப்போதைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நாளைக்கே போங்கள். ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "நீ சொன்னதைக் கேட்டு எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டரிடம் சொல்லப் போகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி." திட்டுவான். ஆனால் ஒளிந்து செய்ததாக இருக்காது.

நொய்யல்

இழையை முழுக்கப் படித்துவிட்டு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என் வீட்டுக்காரரும் மாமியாரும். டாக்டர் அவர்களிடம்தான் பேசினார். சந்தேகப்படுகிறாள், சமைப்பதில்லை, குழந்தையை அடிக்கிறாள், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுகிறாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவர்கள் இருவரும் அந்த அறையிலேயே இருக்கும்போது, "என்னம்மா, வீட்டில் ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? முதுகில் இருந்த காயத்தை யாரும் பார்க்கவில்லை.

எனக்கு மனச்சோர்வு இருந்தது உண்மை. சாக வேண்டும் என்று தோன்றியதும் உண்மை. ஆனால் என் உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வந்ததோ, அவர்களைத்தான் அந்த ஃபைல் "பராமரிப்பாளர்" என்று சொன்னது. குடும்பத்தைக் கேளுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எந்தக் குடும்பத்தை? என்னைக் கேட்டிருந்தால் என் தங்கை நம்பரைக் கொடுத்திருப்பேன்.

நைட் டியூட்டி

நொய்யல் அக்கா சொல்வதை நாங்கள் வார்டில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். நோயாளியைத் தனியாக, குடும்பத்தைத் தனியாக, அப்புறம் தேவைப்பட்டால் சேர்த்து என்று மூன்று பேச்சு நடக்க வேண்டும். ஓபியில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும்போது தனியாக என்பதற்கு இடமே இல்லை. நான் செய்யும் வழி: பெண்களாக இருந்தால் பிபி பார்க்கணும் என்று உள்ளே கூட்டிப் போவேன், கூட வந்தவரை மருந்துச் சீட்டோடு ஃபார்மஸி வரிசைக்கு அனுப்புவேன். அந்த ஐந்து நிமிடத்தில் "வீட்டில் உங்களுக்குப் பயமா இருக்கா? யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுவேன். இப்படித் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருப்பது நல்ல நிலைமை இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் சொல்லி அனுப்புவேன்.

ஹாரோ அண்ணன்

இங்கிலாந்திலிருந்து. என் மகளுக்குப் பல வருடமாக இங்கே சிகிச்சை. அங்கே மாதிரிதான் இங்கேயும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"ஷி ஹேஸ் நாட் கிவன் கன்சென்ட்" (அவள் சம்மதம் தரவில்லை) என்ற வாக்கியம் எனக்கு மனப்பாடம். 2014இல் இங்கே சுகாதாரத் துறையும் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கையே வெளியிட்டன, தற்கொலைத் தடுப்பில் குடும்பத்தோடு தகவல் பகிர்வது பற்றி. டாக்டர் அய்யா சொன்னதேதான் சாரம். ரகசியம் காப்பது என்றால் குடும்பத்தைக் கேட்காமல் இருப்பது இல்லை. அந்த அறிக்கையை பிரின்ட் எடுத்து பையில் வைத்துக்கொண்டு போவேன். காட்டியதும் குரல் மாறும்.

இன்னொன்று, அந்த "குறைவு, நடுத்தரம், அதிகம்" கட்டம். 2022 செப்டம்பரில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்குள்ள நைஸ் (NICE) அமைப்பு தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கான வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, யார் தற்கொலை செய்வார் என்று கணிக்க மதிப்பெண் படிவங்களைப் பயன்படுத்தாதீர்கள், ஆட்களை இப்படி மூன்றாகப் பிரிக்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆபத்து நேரத்துக்கு நேரம் மாறும், கட்டம் மாறாது. அதற்குப் பதில் இவருக்கு என்ன தேவை, எது இவரைக் காக்கும் என்று பேசுங்கள் என்பதுதான் அதன் பேச்சு. அப்படிப் பேச ஆரம்பித்தால் குடும்பத்தைக் கேட்காமல் முடியாது. யார் கூட இருப்பார், மாத்திரை யார் கையில், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது, இதற்கெல்லாம் பதில் வீட்டில்தானே இருக்கிறது.

எங்கள் தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, மொழிபெயர்ப்பு. வயதான ஆச்சிக்கு ஆங்கிலம் வராது, பேரன் கூடப் போவான். டாக்டர் "சாகவேண்டும் போல் இருக்கிறதா?" என்று கேட்கச் சொல்வார். பதினைந்து வயதுப் பையன் தன் ஆச்சியிடம் அதைக் கேட்பானா? "மனசு சரியில்லையா ஆச்சி" என்று கேட்பான், ஆச்சி "இல்லை ராசா" என்பார், ஃபைலில் "தற்கொலை எண்ணம் இல்லை" என்று ஏறிவிடும். யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதைப் பேரப்பிள்ளை வாயால் சொல்ல வைக்கவும் மாட்டார்கள். தெரியாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இங்கே அது உரிமை. குடும்பம் குடும்பமாக வரட்டும், மொழிபெயர்ப்பாளராக வேண்டாம்.

மட்டுறுத்துநர்

இடையில் ஒரு குறிப்பு. இந்த இழையைப் படிக்கும் யாருக்காவது இப்போதே பேச ஆள் வேண்டுமென்றால்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னையிலுள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா 044-24640050. கூட இருப்பவர்களும் அழைக்கலாம், நோயாளிதான் பேசவேண்டும் என்பதில்லை.

உறையூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே போனோம். ரெண்டு துருவம் சொன்ன மாதிரி அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வந்தான். எழுதிய பேப்பரை அவனிடமே முதலில் காட்டினேன். படித்துவிட்டு ஒரு வரியை அடிக்கச் சொன்னான், அடித்துவிட்டேன். வேறு டாக்டர் இருந்தார், அதைப் படித்துவிட்டு எங்களை வெளியே அனுப்பி அவனோடு வெகுநேரம் பேசினார். அட்மிஷன் போட்டு இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான்.

இப்போது என் கேள்வி வேறு. வீட்டுக்கு வந்தபின் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களும் ரிவ்யூ தேதியும்தான் இருக்கின்றன.

பழைய மருத்துவர்

நல்ல செய்தி. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தான காலம். வார்டில் சுற்றி ஆள் இருந்தார்கள், இங்கே திடீரென்று யாரும் இல்லை, வெளியே எல்லாம் அப்படியே இருக்கிறது, வேலை, கடன், அக்கம்பக்கம். எனவே முதல் ரிவ்யூவை ஒரு மாதம் கழித்து என்று போட்டிருந்தால், அதைவிடச் சீக்கிரமாக ஒரு தேதி கேளுங்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், கேட்பதால் வருவதில்லை. தினமும் விசாரணை போலக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரை வீட்டில் மொத்தமாகக் குவிய வேண்டாம். முடிந்தால் வாரத்துக்கு ஒரு முறை வாங்குங்கள், உங்கள் பொறுப்பில் வையுங்கள், அதுவும் அவன் சம்மதத்தோடு. விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்து வீட்டிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துக்குப் பொதுவாகப் பூட்டுப் பெட்டகம் வைத்து, ஒவ்வொரு வீட்டு மருந்தையும் அங்கே வைக்கச் செய்து பார்த்தார்கள், மனநல மருத்துவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர். தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே பாதி சிகிச்சை. இந்தக் கேள்விகளை டிஸ்சார்ஜ் அன்று மருத்துவர் குடும்பத்திடம் கேட்டிருக்க வேண்டும்.

தாத்தாச்சாரி

எழுபதைத் தாண்டிய தகப்பன் நான். மகனுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. மனைவி போய்விட்டாள். நானும் அவனும்தான்.

மாத்திரையைப் பூட்டி வை, கவனி, எழுது, கூடவே இரு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சரி. என்னிடம் யாராவது "உங்களால் முடியுமா?" என்று கேட்டார்களா? இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர்கூடக் கேட்டதில்லை. அவன் காதில் இல்லாத குரல்கள் கேட்டு மோசமாக இருக்கும் நாட்களில் நான் என் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். ஒருமுறை கையை ஓங்கினான். அதை டாக்டரிடம் சொன்னால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று சொல்லவில்லை. சொல்லாததால் ஃபைலில் "தந்தை நல்ல ஆதரவு" என்று எழுதியிருக்கிறது.

2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் கருகியபோது, பெற்றவர்கள் இப்படியும் விட்டுவிட்டுப் போவார்களா என்று என் சொந்தக்காரர்கள் பேசினார்கள். நான் பேசவில்லை. முடியாமல் போனவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும்.

ஹாரோ அண்ணன்

அய்யா, இங்கே 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி பராமரிப்பவருக்கென்றே தனி மதிப்பீடு கேட்டு வாங்கலாம், உள்ளூர் கவுன்சில் செய்யவேண்டும். அது முடிந்து உதவி வருவதற்குள் வருடம் ஓடிவிடும், அது வேறு கதை. ஆனால் "உங்களால் முடியுமா" என்று ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டார். என் மனைவி அன்றைக்குத்தான் முதல்முறையாக "முடியவில்லை" என்று வெளியாள் ஒருவரிடம் சொன்னாள்.

நைட் டியூட்டி

அய்யா, கை ஓங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் உடனே உள்ளே போட்டுவிட மாட்டார்கள். அவர் சம்மதமில்லாமல் சேர்க்க, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதுவும் முப்பது நாள் வரைதான், மேலே போனால் வேறு விதிகள். பெரும்பாலும் மருந்தை மாற்றிப் பார்ப்பதோடு முடியும். "நல்ல ஆதரவு" என்று எழுதியிருக்கும்வரை உங்களுக்கு எந்த உதவியும் வராது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரைக் கேட்டுப் பாருங்கள்.

காரைக்குடி செட்டி

எல்லாம் சரி. ஓபியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று பேச்சு, தனி அறை, பாதிப் பக்கச் சீட்டு... இதெல்லாம் காசு கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு.

நைட் டியூட்டி

நான் அரசு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன், அண்ணே. சீட்டுக்குக் காசு இல்லை.

உறையூர்க்காரி

கடைசியாக ஒரு சந்தேகம். தம்பியோடு உட்கார்ந்து பேசினோம். எவையெல்லாம் டாக்டருக்குப் போகலாம் என்று அவனே எழுதினான். தூக்கம், சாவுப் பேச்சு, பொருளைக் கொடுத்துவிடுவது மூன்றுக்கும் சரி என்றான். பணச் செலவை எழுதச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான். விட்டுவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால் ஃபைலில் நியமனப் பிரதிநிதி அம்மா. இவன் என் பெயரும் வேண்டாம், அம்மா பெயரும் வேண்டாம், கேமராவை வாங்கிக்கொண்ட நண்பன் பெயரைப் போடு என்கிறான். அம்மா அழுகிறார். அந்த நண்பன் நல்ல பையன்தான், கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவன். இப்படி மாற்ற முடியுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

பழைய மருத்துவர்

கோர்ட் வேண்டாம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். உறவினராக இருக்க வேண்டும் என்றில்லை. பதினெட்டு வயது நிரம்பியவராக, அந்தக் கடமையைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், அவரும் சம்மதம் எழுதித் தரவேண்டும். தம்பி எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பிரதிநிதியாக இல்லாவிட்டாலும் அவர் பார்த்ததை அவர் வந்து சொல்லலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

நைட் டியூட்டி

ரெண்டு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லி, ஒட்டும்வரை அங்கேயே நில்லுங்கள். பழைய ஷீட்டில் அம்மா பெயர் இருக்கும் பக்கத்திலும் மாற்றியதாகக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள், இல்லையென்றால் ராத்திரி டியூட்டியில் இருப்பவர் முதல் பக்கத்தைப் பார்த்து அம்மாவுக்குத்தான் போன் செய்வார்.